முதல் மாணவி: முத்துலட்சுமியும் புதுக்கோட்டைச் சீமையில் பெண்கல்வி உரிமையும்

1902-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பதினாறு வயதை எட்டிய பெண் ஒருவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்துத் தேறியவர் அல்லர். பருவம் எய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, வீட்டிலேயே பாடம் கேட்டுத் தனித்தேர்வராக எழுதியவர். தேறியவர் மேலே படிக்க இடம் கேட்டார். ஊரில் மகாராஜா கல்லூரி இருந்தது. கேட்டவரின் தந்தையே முன்பு அக்கல்லூரிக்குத் தலைமை வகித்தவர். ஆனால் அதுவரை பெண் எவரும் அங்கே படித்ததில்லை. இடம் கேட்ட அந்தப் பெண்தான் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடறிந்தவர். அவரை மருத்துவராகவும், சட்டமன்ற உறுப்பினராகவும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவராகவும் நினைவுகூர்வது வழக்கம். அந்தப் பெருமைகளுக்கெல்லாம் முன்னால், படிக்க இடம் கேட்டு ஒரு சமஸ்தானத்தின் வாசலில் நின்ற இளம்பெண்ணின் போராட்டம் ஒன்று உண்டு. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்ற மூன்று தாலுகாக்களைக் கொண்டிருந்த பழைய புதுக்கோட்டைச் சீமையில் பெண்கல்வியின் வரலாற்றை அந்த வாசலிலிருந்து தொடங்குவதே முறை.

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், பிராமணர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காகத் தந்தையின் உறவினர் அவரை ஒதுக்கி வைத்தனர். தாய்வழி உறவினரோடுதான் குழந்தைகளின் வளர்ப்பும் பழக்கமும் அமைந்தன. கோயிலில் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசிப் பெண்களின் வாழ்க்கையை முத்துலட்சுமி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. உறவுக்குள்ளேயே, சின்னம்மா பெரியம்மா என்று அழைத்த பெண்களிடையே அறிந்துகொண்டார்.

இந்தப் பிறப்பு அவருடைய படிப்பின் மேல் இரண்டு விதமாக வந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் மிகக் குறைவு. இருந்தவர்களில் கோயில் தாசிகள் கணிசமானவர்கள். பாட்டும் பதமும் கற்க அவர்களுக்கு எழுத்து வேண்டியிருந்தது. அதனாலேயே, பெண் ஏட்டைத் தொடுவது குடும்பத்துக்கு அடுக்காது என்ற எண்ணம் மற்ற குடும்பங்களில் வேரூன்றியது. பெண்ணைப் படிக்க வைத்தால் அவள் கெட்டுப்போவாள் என்ற பேச்சுக்குப் பின்னால் இந்த அச்சம் பெருமளவு இருந்தது. சந்திரம்மாளின் மகள் கல்லூரியில் இடம் கேட்டபோது இரண்டு கோபங்கள் ஒன்று சேர்ந்தன: பெண் எப்படி ஆண்களோடு உட்காரலாம் என்பது ஒன்று, அதிலும் இந்த வீட்டுப் பெண்ணா என்பது மற்றொன்று. பெண்கல்விக்கு வந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவோர் இந்த இரண்டாவது கோபத்தைக் காணத் தவறுகிறார்கள். எந்தப் பெண்ணுக்குப் படிப்பு, எந்தப் பெண்ணுக்கு இல்லை என்ற கேள்வியில் சாதியும் பிறப்பும் எப்போதும் உள்ளே இருந்தன.

சிறு வயதில் ஆண்பிள்ளைகளோடு பள்ளியில் படித்த முத்துலட்சுமி, வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்டார். அன்றைய வழக்கம் அது. இன்றும் சில ஊர்களில் முற்றிலும் ஒழிந்துவிட்ட வழக்கமாகச் சொல்ல முடியாது. பெண்ணின் படிப்பு எந்த வகுப்போடு முடியும் என்பதைப் பள்ளிக்கூடம் தீர்மானிக்கவில்லை, உடல் தீர்மானித்தது. தாய்க்கு மகளின் திருமணமே பெருங்கவலை. மகளுக்கோ திருமணப் பேச்சே பிடிக்கவில்லை. இந்த இழுபறியில் தந்தை மகளின் பக்கம் சாய்ந்தார். தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியர் வீட்டுக்கு வந்து கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார். பெண் படிக்க விரும்பினாள், தந்தை துணை நின்றார் என்று இரண்டு வரியில் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் உடல்நலம் குன்றிய ஒரு பெண், தன் வயதொத்தவர் எல்லாம் கல்யாணமாகிப் போன பிறகும், வாசலைத் தாண்டாமல், தேர்வு என்ற ஒன்றை மட்டும் நம்பி வருடக்கணக்கில் உட்கார்ந்து படிப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர் முழுவதும் வேண்டாம் என்று சொல்லும்போது, வேண்டும் என்ற ஒரே சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு போராட்டமே.

கல்லூரிக்கு விண்ணப்பம் போனதும் எதிர்ப்பு எழுந்தது. அப்போதைய கல்லூரி முதல்வர் தயங்கினார். பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தால் ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும், பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்வார்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. விவகாரம் மன்னரிடம் போயிற்று. மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. ஆங்கில ஆசிரியரிடம் பாடம் கேட்டு வளர்ந்தவர். எதிர்ப்புகளை ஒதுக்கிவிட்டு முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார், உதவித்தொகையும் வழங்கினார்.

உத்தரவு வந்தது, ஆனால் வகுப்பறை உடனே அவருடையதாகிவிடவில்லை. மூடு திரையிட்ட வண்டியில் அவர் கல்லூரிக்கு வந்து போக வேண்டியிருந்தது. வகுப்பில் மாணவர்களின் பார்வை படாதபடி ஒரு திரை மறைப்பு. ஆசிரியரின் குரல் திரையைக் கடந்து வரும். வழியில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுவதும் உண்டு. இந்தத் திரையைப் பற்றிப் பேசுவோர் பலர் அதை ஒரு விநோதமாகச் சொல்லிச் சிரித்துக் கடந்துபோகிறார்கள். சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. ஒழுக்கத்தைக் காக்கும் பொறுப்பு யார் தலையில் சுமத்தப்பட்டது என்று பார்த்தால் போதும். பார்ப்பவர்கள் மாணவர்கள்; மறைந்திருக்க வேண்டியவர் மாணவி. பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் பையன்கள் தொந்தரவு செய்தால், பெண்ணின் படிப்பை நிறுத்துவதே தீர்வு என்று இன்றும் நினைக்கும் வீடுகளில் அந்தத் திரை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. மேரி ஷார்லீப் உள்ளிட்ட நால்வர் அவ்வாண்டு அங்கே சேர்ந்தனர். இந்தியாவில் காதம்பினி கங்குலி மருத்துவராகத் தகுதி பெற்றதும், அமெரிக்காவில் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் பெற்றதும் முத்துலட்சுமி பிறந்த அதே 1886-இல். ஆகவே அவரை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று எழுதுவது பிழை. அந்தப் பட்டம் இல்லாமலே அவருடைய பெருமை குறையாது. பெருநகரத்தில் கதவு திறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், முன்னூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு சமஸ்தானத் தலைநகரில் கல்லூரி வகுப்பில் ஒரு பெண் உட்காருவதற்கு மன்னரின் உத்தரவு தேவைப்பட்டது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. உரிமை ஓரிடத்தில் கிடைத்துவிட்டால் மற்ற இடங்களுக்குத் தானாகப் பரவாது. அதே 1886-இல் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவையாக இருந்து படித்து 1911-இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே தம்மைப் போன்ற பெண்களுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கினார். தடை வெவ்வேறு, இருவருமே தமக்குத் திறந்த கதவைப் பிறருக்காகத் திறந்து வைக்க வாழ்நாளைச் செலவிட்டவர்கள்.

1907-இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல்தான். அதற்கு முன்னால் சென்னைக்குப் போக வேண்டியவர்கள் திருச்சி வரை சாலை வழியே வண்டியில் சென்று ரயில் பிடிக்க வேண்டும். அந்தச் சாலை நார்த்தாமலை, கீரனூர் என்று குளத்தூர் தாலுகாவின் நடுவே செல்கிறது. இருபுறமும் பாறைக் குன்றுகளும் கண்மாய்களும் வானம் பார்த்த புஞ்சைகளும். அந்த ஊர்களின் பெண்பிள்ளைகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் என்பதே பெரும்பாலும் எட்டாத ஒன்று. அவர்களுக்கு எழுத்து வந்து சேர்ந்த கதை பின்னால் வருகிறது. அது இதைவிட நீண்ட கதை.

1912-இல் முத்துலட்சுமி சிறப்புத் தகுதியோடும் பல பதக்கங்களோடும் மருத்துவப் பட்டம் பெற்றார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொண்ட திருமணம் அது. மேற்படிப்புக்காக 1925-இல் லண்டன் சென்றார்.

தமக்குக் கிடைத்தது ஓர் அனுமதி. அதை எல்லாப் பெண்களின் உரிமையாக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பொதுவாழ்வின் உள்ளீடு. மன்னர் மனம் வைத்ததால் ஒரு பெண் படித்தாள். மனம் வைக்காத மன்னரின் ஊரில், தந்தை துணை நிற்காத வீட்டில் பிறந்த பெண் என்ன செய்வாள்? சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு அவர் கொண்டுவந்த தீர்மானங்களை வரிசையாகப் பார்த்தால், தம் பெண்பருவத்தில் சந்தித்த தடைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டத்தின் மொழியில் பதில் எழுதியதைப் போலத் தோன்றும். ஏழைப் பெண்களுக்குப் பள்ளிக் கட்டணச் சலுகை, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, முஸ்லிம் மாணவியருக்கு விடுதி, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு உதவித்தொகை என்று அவர் பாடுபட்டவை எல்லாமே வகுப்பறைக்குள் நுழைவதற்கு முன்னால் நிற்கும் தடைகளைப் பற்றியவை. பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று பேசியவர்கள் அந்நாளில் பலர். பெண் எங்கே தங்குவாள், கட்டணத்தை யார் கட்டுவார் என்று கேட்டவர்கள் சிலரே.

திருமண வயது பற்றிய அவருடைய உழைப்பையும் கல்விப் பணியாகவே பார்க்க வேண்டும். பெண்ணுக்குக் குறைந்தது 16, ஆணுக்கு 21 என்று வயது உயர வேண்டும் என்று சட்டமன்றத்தில் வற்புறுத்தினார். 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று நிர்ணயித்தது. பத்து வயதில் தாலி ஏறும் பெண்ணுக்கு எந்தப் பள்ளியைக் கட்டி வைத்தாலும் பயன் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் உரியது; புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்களுக்கு அது தானாகச் செல்லாது. முத்துலட்சுமி யாருடைய துயரத்தைக் கண்டு சட்டம் கேட்டாரோ, அந்தச் சொந்தச் சீமைப் பெண்களே அதன் எல்லைக்கு வெளியே இருந்தார்கள்.

சைமன் கமிஷனுக்குத் துணையாகக் கல்வி நிலையை ஆராய அமைக்கப்பட்ட ஹார்டாக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். 1929-இல் வெளிவந்த அதன் அறிக்கை இந்தியக் கல்வி வரலாற்றில் இரண்டு சொற்களை நிலைநிறுத்தியது: விரயம், தேக்கம். முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகள் நான்காம் வகுப்பை எட்டுவதற்குள் பெரும்பாலும் நின்றுவிடுகிறார்கள். அதற்குள் படித்தது நிலைப்பதில்லை. செலவிட்ட பணமும் உழைப்பும் வீண் என்பது விரயம். ஒரே வகுப்பில் மீண்டும் மீண்டும் தங்கிவிடுவது தேக்கம். எத்தனை பள்ளி திறந்தோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கில் மகிழ்ந்திருந்த அதிகாரிகளுக்கு, எத்தனை பேர் தங்கினார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்த அறிக்கை இது. பெண்கல்விக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. சேர்க்கைக் கணக்கைவிடத் தங்கும் கணக்கே பெண்பிள்ளைகளின் நிலையைச் சரியாகக் காட்டும் என்பது இன்றைக்கும் பொருந்தும்.

தேவதாசி முறை ஒழிப்பு அவருடைய பணிகளில் அதிகம் பேசப்படுவது. 1927-இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், கோயில் பணியோடு பிணைந்திருந்த இனாம் நிலங்களை அந்தப் பெண்களுக்கே விடுவிக்க வழி செய்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் முழுச் சட்டம் 1947-இல்தான் வந்தது. புதுக்கோட்டை 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியான பின்னரே சென்னை மாகாணச் சட்டங்களின் எல்லைக்குள் வந்தது.

பழைய குளத்தூர் தாலுகாவுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. அத்தாலுகாவில் சேர்ந்திருந்த விராலிமலையில், முருகன் கோயிலுக்கு ஏழு வயதில் பொட்டுக்கட்டப்பட்ட முத்துக்கண்ணம்மாள் சதிராட்டக் கலைஞராக இன்று அறியப்படுபவர். 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அந்தத் தலைமுறையின் ஆட்டமும் பாட்டும் அவரோடு எஞ்சியிருக்கின்றன. ஒழிப்புச் சட்டம் பெண்களைச் சுரண்டலிலிருந்து விடுவித்தது. அதே கையால் அவர்களுடைய கலையையும் பிழைப்பையும் மதிப்பையும் பறித்தது என்று ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது. அன்றைக்கே சென்னைத் தேவதாசிகள் சங்கம் அமைத்து மனுக் கொடுத்தார்கள். ஒழிப்பை எதிர்த்த அந்த மனுவில் அவர்கள் தங்கள் மரபுக்காக வாதிட்டதோடு, தங்கள் பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். எதிரெதிர் அணியில் நின்ற முத்துலட்சுமியும் அந்தப் பெண்களும் கல்வி என்ற இடத்தில் ஒன்றாகவே நின்றார்கள் என்பதை இரு தரப்புக்காகப் பேசுவோரும் போதிய அளவு சொல்வதில்லை. சட்டம் முறையை ஒழித்தது. கேட்ட கல்வி அந்தக் குடும்பங்களின் பெண்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி.

முத்துலட்சுமி தம்மளவில் அதற்குப் பதில் தர முயன்றார். பொட்டுக்கட்டிலிருந்து தப்பிவந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் முன்வரவில்லை. ஆகவே தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் பிறந்தது அப்படித்தான். பெயருக்கு அவ்வையைத் தேர்ந்தது பொருத்தம். தமிழ்நாட்டில் பெண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை எவரும் மறுக்க முடியாதபடி நிலைநாட்டிய பெயர் அது. உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டிக் காந்தியடிகள் கைதானதும் 1930-இல் சட்டமன்றப் பதவியை உதறினார். தங்கையைப் பறிகொடுத்த துயரிலிருந்து எழுந்த முயற்சி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாயிற்று. 1956-இல் பத்மபூஷண். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

இனி கிராமங்கள். முத்துலட்சுமி படித்த ஊருக்கும் குளத்தூர் தாலுகா ஊர்களுக்கும் தொலைவு அதிகம் இல்லை. எழுத்து அந்தத் தொலைவைக் கடக்க ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. இடையில் பள்ளிகள் திறந்தன, மதிய உணவு வந்தது, பெண்பிள்ளைகள் ஓரளவு சேர்ந்தார்கள். ஆனால் குடிமைக்கு வேண்டிய எழுத்து இல்லாமலே வளர்ந்த பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். தண்ணீர் எடுப்பது, தம்பி தங்கையைப் பார்ப்பது, ஆடு ஓட்டுவது, கடலை பறிப்பது, பாறைக்குழியில் ஜல்லி உடைப்பது என்று பெண்பிள்ளையின் பொழுதைப் பிடித்துக்கொள்ள வேலைகள் வரிசையாகக் காத்திருந்தன.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். அறிவியல் இயக்கத்தினரும், ஆசிரியர்களும், பெருந்திரளான இளம் தொண்டர்களும் தோள்கொடுத்தார்கள். தொண்டர்களில் பலர் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள். பகல் வேலை முடிந்து, சமையலை முடித்துவிட்டு, இரவு விளக்கடியில் அம்மா வயதுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நாடகமும் பாட்டும் ஊர் ஊராகப் போயின. பட்டா, படி என்று அன்றாடம் காதில் விழும் சொற்களிலிருந்து எழுத்து தொடங்கியது. மனுவில் விரல் ரேகை வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வரும் பெண், மை தொட்ட பெருவிரலுக்குப் பதிலாகப் பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுத்து எழுத்தாகக் கோத்து எழுதி முடிக்கும்வரை எழுத்தர் காத்திருந்தாக வேண்டும். அந்தக் காத்திருப்பு அதுவரை அலுவலகங்களில் இல்லாத ஒன்று. மாவட்டத்தின் கல்குவாரிகள் சில, அவற்றில் கூலிக்கு உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விடப்பட்டதும் இந்த இயக்கத்தின் காலத்தில்தான். கணக்கு எழுதத் தெரிய வேண்டிய தேவை அதோடு வந்தது. மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி இந்த மாவட்டத்து அறிவொளியைப் பற்றி 2013-இல் ஒரு முழு நூலே எழுதினார்.

இயக்கத்தோடு சேர்ந்து வந்தது சைக்கிள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். பேருந்து நேரத்துக்கு வராது. ஆண் துணை தேடினால் வகுப்பு நடக்காது. ஆகவே பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதற்காக நிற்கவில்லை, நடுவில் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே வாடகைக் கடையில் எடுத்தார்கள். சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுப் பழகி, பிறகு இருக்கையில் ஏறினார்கள். அதே கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, பின்னால் தண்ணீர்க் குடத்தையோ நெல் மூட்டையையோ கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். ஊர் பேசியது, கேலி செய்தது. 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் அணிவகுத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது பின்னர் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது.

மூடு வண்டியில், திரைக்குப் பின்னால், பார்வை படாமல் கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணின் ஊரில் இது நடந்தது. ஆனால் மன்னர் உத்தரவு போட்டதால் நடந்ததல்ல. ஆட்சியர் கடன் வசதிக்கு வழி செய்தார், உண்மை. ஏறி மிதித்தவர்கள் கல் உடைப்பவர்களும், வயல் கூலிகளும், அங்கன்வாடிப் பணியாளர்களும், செவிலியர்களும். இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். மேலிருந்து வரும் அனுமதியால் ஒருவர் முன்னேறலாம். பலர் சேர்ந்து எடுத்துக்கொண்ட சுதந்திரத்தைத் திரும்பப் பறிப்பது கடினம். பத்தாண்டுக்குள், 2001-இல், பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கி, பின்னர் அதை மற்ற மாணவ மாணவியருக்கும் விரித்தது. உயர்நிலைப் பள்ளி ஐந்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊரில், பெண்ணின் படிப்பு எட்டாம் வகுப்போடு நிற்குமா பன்னிரண்டு வரை போகுமா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தச் சைக்கிளுக்குப் பெரும் பங்கு உண்டு.

சட்டங்களும் திட்டங்களும் அதே வழியில் மெல்ல நகர்ந்தன. 1989-இல் தொடங்கிய திருமண உதவித் திட்டத்தில், பெண் எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வைக்கப்பட்டது. கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கும் பெற்றோரைப் பள்ளியின் பக்கம் திருப்பிய நிபந்தனை அது. அந்தத் திட்டத்துக்கு இடப்பட்ட பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருடையது. தேவதாசி மரபில் பிறந்து, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, முத்துலட்சுமியின் முயற்சிக்கு வெளியிலிருந்து வலுச் சேர்த்தவர் அவர். 2022 செப்டம்பரில் அத்திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் செலுத்தப்படுகிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் கல்லூரிக்குத் திரும்பியது. பெற்றோரின் கைக்குப் போனது மாணவியின் கைக்கு வந்தது. இந்த இரண்டு மாற்றங்களும் சிறியவை அல்ல.

உலகம் இந்தப் போராட்டத்தை இப்போது மலாலா யூசஃப்சாயின் பெயரால் அறிகிறது. பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பெண்கள் பள்ளிகளைத் தாலிபான்கள் மூடச் சொன்னபோது எதிர்த்துப் பேசிய சிறுமி. 2012 அக்டோபர் 9 அன்று பள்ளி வாகனத்தில் சுடப்பட்டு உயிர் பிழைத்தவர். 2014-இல், பதினேழு வயதில், கைலாஷ் சத்யார்த்தியோடு நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். அவருடைய தந்தையும் ஒரு கல்வியாளரே. மகளின் படிப்பை ஊருக்கு எதிராகக் காத்த தந்தையர் இரு கதைகளிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட தந்தை வாய்க்காத பெண்களுக்குத்தான் சட்டமும் அரசும் வேண்டும். ஆப்கானிஸ்தானில் 2021 முதல் பெண்பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி மறுக்கப்பட்டிருப்பது, கிடைத்த உரிமையை அரசே பிடுங்கவும் முடியும் என்பதைக் காட்டுகிறது.

குளத்தூர் வட்டாரத்தின் நிலையும் முடிந்துபோன வெற்றி அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்களின் எழுத்தறிவு ஏறத்தாழ 85 சதவீதம், பெண்களுடையது ஏறத்தாழ 69 சதவீதம். பதினாறு புள்ளி இடைவெளி என்பது அறிவொளிக்குப் பின் இருபது ஆண்டுகள் கடந்தும் எஞ்சிய இடைவெளி. அதில் வயதான பெண்களின் பங்கு பெரிது. கற்ற எழுத்தைப் பயன்படுத்த வாய்ப்பில்லாமல் மறந்துபோனவர்களும் உண்டு. 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும்தான் பொறுப்பேற்கிறது. பெண்ணின் படிப்புக்கு உண்மையான ஆபத்து தொடங்குவதோ அந்தப் பதினான்கில்தான். வயதுக்கு வந்த பெண், தொலைவில் உள்ள மேல்நிலைப் பள்ளி, வீட்டில் கடன், மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளுக்கு ஆள் பிடிக்க வரும் தரகர், மூன்று வருடம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்ற பேச்சு: இவையெல்லாம் ஒரே வயதில் வந்து சேர்கின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் இம்மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளிலிருந்தும் பெண்பிள்ளைகள் அப்படிப் போனதைச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நாடறியும்.

சட்டத்தின் பொறுப்பைப் பதினெட்டு வயது வரை நீட்ட வேண்டும் என்று கல்வியாளர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் பதினெட்டு வரை என்று பேசுகிறது. சட்டம் இன்னும் பதினான்கிலேயே நிற்கிறது. அது திருத்தப்படும் வரை ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுகளைக் காக்கும் பொறுப்பு பள்ளித் தலைமை ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, ஊராட்சி ஆகியோரிடம் இருக்கிறது. தொடர்ந்து சில நாள் வராத பெண்ணின் வீட்டுக்கு அந்த வாரமே போய்க் கேட்பதும், மாதவிடாய் நாள்களில் பயன்படுத்தத் தக்க கழிப்பறையில் தண்ணீர் வருவதை உறுதி செய்வதும், மாலைச் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்துக்குப் பேருந்து இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் அவர்கள் கையில் உள்ள வேலைகள்.